நாலாவது ஆளுக்குப் பரோட்டா இல்லை: போக்கர் டோர்னமென்ட்டின் கடைசிக் கட்டக் கணக்கு

போன வருஷம் எங்க ஹாஸ்டல்ல ஒரு சீனியருக்கு ப்ளேஸ்மென்ட் கிடைச்சது. ட்ரீட் கேட்டோம். "சும்மா குடுத்தா மதிக்க மாட்டீங்கடா, ஆடி ஜெயிச்சு வாங்கிக்கோங்க"ன்னு சொல்லிட்டார். இருபது பேர், ஒரு சீட்டுக்கட்டு போதாம மூணு கட்டு. சிப்ஸ் இல்லாததால தீக்குச்சி, ஆளுக்கு 100. நுழைவுக் கட்டணம் கிடையாது. மொத்தப் பரிசு 20 பரோட்டா: முதல் ஆளுக்கு 10, ரெண்டாவது ஆளுக்கு 6, மூணாவது ஆளுக்கு 4. நாலாவது வர்றவன் சால்னா வாசனையோட ரூமுக்குப் போகணும்.

ராத்திரி பதினொன்றரைக்கு நாலு பேர் மிச்சம் இருந்தோம். ஆளுக்குக் கிட்டத்தட்ட 500 குச்சி. மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், கடைசி ஒரு மணி நேரத்துல மூணு கைதான் ஆடியிருப்பான், திடீர்னு மொத்தக் குச்சியையும் நடுவுல தள்ளினான். என் கையில ஏஸ்-கிங். இதை யாராவது கீழ வைப்பாங்களா? நானும் தள்ளினேன். அவன் ரெண்டு எட்டைக் காட்டினான். அஞ்சு பொதுச் சீட்டுலயும் ஏஸும் வரல, கிங்கும் வரல. நான் நாலாவது.

"அதிர்ஷ்டம் இல்லடா"ன்னு ஒரு வாரம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் உக்காந்து கணக்குப் போட்டேன். அப்பதான் புரிஞ்சது: அன்னிக்கு நான் ஜெயிச்சிருந்தாலும் அது தப்பான முடிவுதான். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பத்தினது. நாம எல்லாரும் படிச்ச ப்ராபபிலிட்டி பேப்பரைத் தாண்டி இதுல எதுவும் தேவையில்லை.

தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷப் பாடம்

டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சீட்டு ரகசியமா வரும். நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. இந்த ஏழுல இருந்து சிறந்த அஞ்சு சீட்டுக் கூட்டணி யாருக்கோ, அவருக்குப் பானை. ஒவ்வொரு கைக்கும் முன்னாடி ரெண்டு பேர் கட்டாயமா கொஞ்சம் போடணும். சின்னது ஸ்மால் ப்ளைண்ட், அதுக்கு ரெண்டு மடங்கு பிக் ப்ளைண்ட். டோர்னமென்ட்ல இந்த ப்ளைண்ட் நேரம் போகப் போக ஏறிட்டே இருக்கும். அதனால யாரும் கையக் கட்டிட்டுக் காலம் தள்ள முடியாது. கையில இருக்கறது முழுசையும் வெக்கிறதுக்குப் பேர் ஆல்-இன். சிப்ஸ் தீர்ந்தா வெளியே. திரும்ப வாங்க முடியாது.

கேஷ் கேம்ல 500 ரூபாய் சிப் எப்பவும் 500 ரூபாய்தான். எந்திரிச்சுப் போய் மாத்திக்கலாம். டோர்னமென்ட் சிப்புக்கு அப்படி ஒரு விலை எழுதி ஒட்டல. அது பரிசா மாறுறது நீங்க எந்த இடத்துல முடிக்கிறீங்கங்கறதைப் பொறுத்துதான். கடைசிக் கட்ட உத்தி மொத்தமும் இந்த ஒரு வித்தியாசத்துல இருந்து கிளம்புது.

எல்லாச் சிப்பும் உங்ககிட்ட, ஆனா எல்லாப் பணமும் இல்லை

ஒரு நிஜ உதாரணம். லாஸ் வேகாஸ்ல நடக்குற வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரோட மெயின் ஈவென்ட், 2023. நுழைவு 10,000 டாலர். மொத்தம் 10,043 என்ட்ரி. பரிசு கிடைச்சது 1,507 பேருக்கு. குறைஞ்ச பரிசு 15,000 டாலர். கடைசி மேசையில ஒன்பதாவது இடத்துக்கு 9 லட்சம் டாலர், மூணாவதுக்கு 40 லட்சம், ரெண்டாவதுக்கு 65 லட்சம், முதலிடத்துக்கு 1 கோடியே 21 லட்சம்.

ஜெயிச்ச டேனியல் வைன்மன் கடைசியில 10,043 பேரோட சிப்ஸையும் தன் முன்னாடி அடுக்கி வெச்சிருந்தார். அதாவது 100 சதவீதச் சிப்ஸ். ஆனா மொத்தப் பரிசுத் தொகையில அவருக்குப் போனது கிட்டத்தட்ட 13 சதவீதம்தான். மீதி 87 சதவீதம் ஒரு சிப் கூட இல்லாம வெளியே போனவங்களுக்கு.

இதுல இருந்து ரெண்டு விஷயம் வருது. ஒண்ணு, சிப்ஸ் சேரச் சேர ஒவ்வொரு கூடுதல் சிப்போட மதிப்பும் குறையுது. எகனாமிக்ஸ் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இது பழக்கமான வளைவுதான்: முதல் பரோட்டா குடுக்குற சந்தோஷம் எட்டாவது பரோட்டா குடுக்காது. ரெண்டு, நீங்க இழக்குற 500 குச்சி, நீங்க ஜெயிக்கிற 500 குச்சியை விட விலை அதிகம். அப்படின்னா 50-50 பந்தயம்னு நாம நெனைக்கிறது உண்மையில நஷ்டப் பந்தயம். எவ்வளவு நஷ்டம்? அதை அளக்கத்தான் ஐசிஎம்.

ஐசிஎம்: குதிரைப் பந்தயத்துல இருந்து வந்த சூத்திரம்

இன்டிபென்டன்ட் சிப் மாடல், சுருக்கமா ஐசிஎம். 1973-ல் டேவிட் ஹார்வில்ங்கற புள்ளியியலாளர் குதிரைப் பந்தயத்துக்காக ஒரு முறை சொன்னார்: எந்தக் குதிரை முதல்ல வரும்ங்கற வாய்ப்பு தெரிஞ்சா, ரெண்டாவது, மூணாவது இடங்களோட வாய்ப்பை எப்படிக் கணக்கிடறதுன்னு. 1987-ல் மேசன் மால்மத் அதே யோசனையைப் போக்கருக்குக் கொண்டு வந்தார். முறை ரொம்ப எளிமை:

முதலிடம் வர்ற வாய்ப்பு = உங்க சிப்ஸ் ÷ மொத்தச் சிப்ஸ்.

ரெண்டாமிடத்துக்கு, ஒவ்வொரு எதிராளியையும் முறை வெச்சு முதலிடத்துல உக்கார வைங்க. அவங்க சிப்ஸை மொத்தத்துல இருந்து தூக்கிட்டு, மிச்சத்துல உங்க பங்கு எவ்வளவுன்னு பாருங்க. எல்லாத்தையும் கூட்டுங்க. மூணாமிடத்துக்கும் இப்படியே. கடைசியா ஒவ்வொரு இடத்து வாய்ப்பையும் அந்த இடத்துப் பரிசால பெருக்கிக் கூட்டினா உங்க குச்சியோட பரோட்டா மதிப்பு வந்துடும்.

இப்ப என் கதைக்கு வருவோம். நாலு பேர், ஆளுக்கு 500. எல்லாரும் சமம், அதனால ஆளுக்கு 20 ÷ 4 = 5 பரோட்டா. நான் சீட்டைக் கீழ வெச்சிருந்தா என் மதிப்பு சுமார் 5.

மோதி ஜெயிச்சா? நான் 1000, மத்த ரெண்டு பேர் 500, 500. முதலிட வாய்ப்பு 1/2. ரெண்டாமிடம்: மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் முதல்ல வர வாய்ப்பு ஆளுக்கு 1/4, அப்ப மிச்சம் 1500-ல் என்கிட்ட 1000, ஆக 2 × 1/4 × 2/3 = 1/3. மூணாமிடம் மிச்சம் 1/6. மதிப்பு: 10 × 1/2 + 6 × 1/3 + 4 × 1/6 = 5 + 2 + 0.67 = 7.67 பரோட்டா.

குச்சி ரெண்டு மடங்கு ஆகுது, பரோட்டா 5-ல் இருந்து 7.67 தான் ஆகுது. தோத்தா பூஜ்யம். அப்ப நான் எத்தனை சதவீதம் ஜெயிக்கணும்? 5 ÷ 7.67 = 65.2%. பானையில கிடக்குற ப்ளைண்டையும் சேர்த்தா சில சதவீதம் குறையும், அவ்வளவுதான்.

ஏஸ்-கிங், ரெண்டும் வேற வேற ஜாதிச் சீட்டா இருந்தா, எதிராளி கண்ணை மூடிட்டு எந்த ரெண்டு சீட்டோட வந்தாலும் ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 65.3%. அதாவது எதிராளி சீட்டையே பாக்காம தள்ளியிருந்தாதான் நான் நூலிழையில தப்பியிருப்பேன். என் எதிராளியோ ஒரு மணி நேரத்துல மூணு கை ஆடினவன். ரெண்டு எட்டுக்கு எதிரா என் வாய்ப்பு 45 சதவீதத்தை ஒட்டித்தான். சிப்ஸ் கணக்குல அது சின்னத் தப்பு. பரோட்டா கணக்குல பெரிய தப்பு.

இதுல எனக்கு ரொம்ப உறைச்ச விஷயம் வேற. மோதலுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேர் மதிப்பு 5 + 5 = 10. மோதலுக்கு அப்புறம் 7.67 + 0. மிச்சம் 2.33 பரோட்டா எங்க போச்சு? ஓரமா உக்காந்து கடலை தின்னுட்டு இருந்த மத்த ரெண்டு பேர் தட்டுக்கு. அவங்க ஒரு சீட்டும் ஆடாம ஆளுக்கு 5-ல் இருந்து 6.17 ஆகிட்டாங்க. ரெண்டு பேர் மோதும்போது ஓரமா இருக்கறவன் சம்பாதிக்கிறான். டோர்னமென்ட்டோட கடைசிக் கட்டத்தை இந்த ஒரு வாக்கியத்துல அடக்கிடலாம்.

பபிள்: யார் யாருக்குப் பயப்படணும்

பரிசுக்கு ஒரே ஒரு ஆள் அதிகமா இருக்குற நேரத்துக்குப் பேர் பபிள். எப்ப வேணா உடையற நீர்க்குமிழி. இங்க எல்லாருக்கும் ஒரே உத்தி கிடையாது. உங்க முன்னாடி எவ்வளவு இருக்கு, உங்களை அடிக்கிறவன் முன்னாடி எவ்வளவு இருக்குங்கறதைப் பொறுத்து மாறும்.

அதே 20 பரோட்டா. இந்தத் தடவை குச்சி சமமா இல்லை: அ 800, ஆ 500, இ 500, ஈ 200. ஐசிஎம் போட்டா வர்ற மதிப்பு:

அ: 6.70 பரோட்டா
ஆ: 5.34
இ: 5.34
ஈ: 2.62

குச்சி விகிதப்படி பங்கு போட்டிருந்தா அ-வுக்கு 8, ஈ-க்கு 2 வந்திருக்கும். பெரியவனுக்குக் குறைஞ்சிருக்கு, சின்னவனுக்குக் கூடியிருக்கு. இப்ப மூணு சூழ்நிலை பாருங்க. கணக்கு எளிமையா இருக்க ப்ளைண்டை விட்டுடறேன்.

முதல் சூழ்நிலை: அ ஆல்-இன் தள்ளுறான், ஆ யோசிக்கணும். ஆ ஜெயிச்சா 1000 குச்சி, மதிப்பு 7.46. தோத்தா வெளியே, பூஜ்யம். கீழ வெச்சா 5.34. தேவையான வெற்றி வாய்ப்பு 5.34 ÷ 7.46 = 71.6%. இது பயங்கரமான எண். அ சீட்டையே பாக்காம தள்ளுறான்னு ஆ-வுக்கு நிச்சயமா தெரிஞ்சாலும், ஜோடி ஒன்பது (72%) அல்லது அதுக்கு மேல இருந்தாதான் கூப்பிட முடியும். ஜோடி எட்டு (69%) போதாது. ஒரே ஜாதி ஏஸ்-கிங் கூட (67%) போதாது.

ரெண்டாவது சூழ்நிலை: அ தள்ளுறான், ஈ யோசிக்கணும். ஈ ஜெயிச்சா 400 குச்சி, மதிப்பு 4.32. கீழ வெச்சா 2.62. தேவை 60.7%. ஈ-க்கு இழக்க அதிகம் இல்லை, அதனால தைரியமா கூப்பிடலாம்.

மூணாவது சூழ்நிலை: ஈ தள்ளுறான், அ யோசிக்கணும். அ தோத்தாலும் 600 குச்சியோட உக்காந்திருப்பான், மதிப்பு 5.61. ஜெயிச்சா ஈ வெளியே, அ-வுக்கு 7.67. கீழ வெச்சா 6.70. தேவை 53% மட்டும்.

71.6, 60.7, 53. ஒரே மேசை, ஒரே நேரம், மூணு பேருக்கு மூணு எல்லை. இதுல இருந்து உத்தி தானா வந்துடும்:

நீங்க அ-வா இருந்தா நடுத்தர ஆளுங்களைத் தொடர்ந்து அடிங்க. ஆ-வும் இ-யும் கூப்பிட முடியாம சீட்டைக் கீழ வெச்சுட்டே இருப்பாங்க, அவங்க ப்ளைண்ட் எல்லாம் உங்களுக்கு. ஈ-யை அடிக்கும்போது மட்டும் சீட்டு பாத்து அடிங்க, அவன்தான் கூப்பிடுவான்.

நீங்க ஆ-வா இருந்தா அ-வோட மோதாதீங்க. ஈ-க்கு 200 தான் இருக்கு, சீக்கிரம் போயிடுவான். ஈ-யை அ வெளியேத்திட்டா உங்க மதிப்பு ஒண்ணும் செய்யாமலே 5.34-ல் இருந்து 6.17 ஆகும். பபிள்ல இருக்கறவங்கள்லயே இந்த நடு ஆளுக்குத்தான் நெருக்கடி அதிகம். குச்சி நிறைய இருக்குங்கற நெனப்புல அவன்தான் போய் மாட்டுவான். நான் மாட்டின மாதிரி.

நீங்க ஈ-யா இருந்தா காத்துக்கிட்டே இருந்து கரைஞ்சு போறதுதான் பெரிய ஆபத்து. அதுக்கு அடுத்த பகுதி.

கொஞ்சமா இருக்கும்போது: தள்ளு அல்லது கீழ வை

1995 மெயின் ஈவென்ட் சாம்பியன் டேன் ஹாரிங்டன் தன்னோட புத்தகங்கள்ல 'எம்'னு ஒரு அளவைப் பிரபலமாக்கினார். பேக்கமன் வீரர் பால் மாக்ரியல் பேரால வந்த எழுத்து அது. உங்க சிப்ஸை, ஒரு சுத்துக்கு ஆகுற செலவால (ரெண்டு ப்ளைண்டும் ஆன்ட்டியும் சேர்த்து) வகுத்தா வர்ற எண்தான் எம். சும்மா உக்காந்திருந்தா எத்தனை சுத்து தாக்குப் பிடிப்பீங்கன்னு அது சொல்லும். 20-க்கு மேல இருந்தா நிதானமா ஆடலாம். 6-க்குக் கீழ வந்துட்டா சிவப்பு மண்டலம். அங்க சின்னதா ஏத்திப் பாக்கறது, பொதுச் சீட்டு வரட்டும்னு கூப்பிடறது எல்லாம் வீண். ஆட வேண்டிய கைன்னா மொத்தமா தள்ளணும், இல்லன்னா கீழ வெக்கணும்.

ஏன்? தள்ளுறவனுக்கு ஜெயிக்க ரெண்டு வழி இருக்கு: எதிராளி பயந்து கீழ வெக்கலாம், இல்ல கூப்பிட்டு தோக்கலாம். கூப்பிடறவனுக்கு ஒரே வழிதான், சீட்டு ஜெயிக்கணும். அதனால தள்ளுறதுக்குத் தேவையான கையை விட, கூப்பிடறதுக்கு இன்னும் நல்ல கை வேணும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி இந்த வித்தியாசத்துக்கு 'கேப்'னு பேர் வெச்சார்.

எண்ல பாப்போம். ப்ளைண்ட் 25/50. உங்ககிட்ட 400, நீங்க ஸ்மால் ப்ளைண்ட். எம் = 400 ÷ 75, சுமார் 5.3. உங்களுக்கு முன்னாடி எல்லாரும் கீழ வெச்சாச்சு. பிக் ப்ளைண்ட்ல இருக்கறவர்கிட்டயும் 400 இருக்கு. நீங்க கீழ வெச்சா 375 மிஞ்சும். தள்ளினா? அவர் 60% தடவை கீழ வெப்பார்னு வெச்சுக்குவோம், அப்ப உங்ககிட்ட 450. மீதி 40% கூப்பிடுவார். உங்க கை மோசம், கூப்பிட்டா 35% தான் ஜெயிக்கும்னு வெச்சுக்குவோம். ஜெயிச்சா 800.

0.6 × 450 + 0.4 × 0.35 × 800 = 270 + 112 = 382.

382, 375-ஐ விட அதிகம். ரெண்டு பேரும் சீட்டைக் காட்டினா மூணுல ஒரு தடவைதான் ஜெயிப்பீங்க, ஆனாலும் தள்ளுறது லாபம். இது சிப்ஸ் கணக்கு. பபிள்ல இருந்தா இதுக்கு மேல ஐசிஎம் போட்டுப் பாக்கணும். ஆனா அங்கயும் எதிராளிக்குக் கூப்பிடறது கஷ்டம்ங்கறதால 60% இன்னும் ஏறும்.

இதுல முக்கியமான ஒண்ணு: இந்த ஆயுதம் வேலை செய்யணும்னா எதிராளிக்கு வலிக்கிற அளவுக்கு உங்ககிட்ட சிப்ஸ் இருக்கணும். ரெண்டு பிக் ப்ளைண்ட் அளவுக்குக் கரைஞ்சதுக்கு அப்புறம் தள்ளினா யாரும் பயப்பட மாட்டாங்க, சிரிச்சுட்டே கூப்பிடுவாங்க. "நல்ல சீட்டு வரட்டும்"னு காத்திருந்து பயமுறுத்துற சக்தியைத் தொலைக்கிறதுதான் புதுசா ஆடறவங்க செய்யுற பெரிய தப்பு.

ரெண்டு ஏஸைக் கீழ வெக்கிற இடம்

பெரிய டோர்னமென்ட்டுக்கு நுழைவுச் சீட்டு ஜெயிக்கிறதுக்காக நடக்குற சின்ன டோர்னமென்ட்டுக்குப் பேர் சாட்டலைட். அங்க பரிசு படிக்கட்டு மாதிரி இருக்காது, தட்டையா இருக்கும். மூணு இடம்னா மூணு பேருக்கும் ஒரே மாதிரி நுழைவுச் சீட்டு. முதல்ல வந்தாலும் மூணாவது வந்தாலும் ஒண்ணுதான்.

நாலு பேர், மூணு இடம், எல்லாருக்கும் சமமான சிப்ஸ்: ஆளுக்கு 0.75 சீட்டு மதிப்பு. மோதி ஜெயிச்சா 1, தோத்தா 0. தேவை 75%. இப்ப உங்ககிட்ட நிறைய சிப்ஸ், ஒருத்தன் அடுத்த சுத்துல ப்ளைண்ட் போடவே வழியில்லாம இருக்கான்னு வைங்க. சும்மா இருந்தாலே உங்களுக்கு இடம் கிடைக்க 95% வாய்ப்பு. அப்ப உங்களை விட அதிகம் வெச்சிருக்கறவன் ஆல்-இன் தள்ளுறான், உங்க கையில ஜோடி ஏஸ். எந்த ரெண்டு சீட்டுக்கும் எதிரா ஜோடி ஏஸ் ஜெயிக்கிற வாய்ப்பு 85%. 95 கையில இருக்கும்போது 85-க்கு ஏன் போகணும்? உலகத்துலயே நல்ல கையை எடுத்துக் கீழ வைங்க. இதைச் செய்ய முடியாதவங்க நிறைய பேர். கை நல்லா இருக்குங்கறதும் முடிவு நல்லா இருக்குங்கறதும் வேற வேற விஷயம்.

ரெண்டே பேர்: கணக்கு திடீர்னு எளிமையாகும்

சாட்டலைட்னா போக்கர் ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்ற பேர் கிரிஸ் மணிமேக்கர். அமெரிக்காவுல டென்னசிக்காரர், அக்கவுன்டன்ட். நூறு டாலருக்கும் குறைவான ஆன்லைன் சாட்டலைட்ல ஆரம்பிச்சு, 2003 மெயின் ஈவென்ட்டுக்கு இடம் பிடிச்சார். 839 பேர். முதல் பரிசு 25 லட்சம் டாலர், ரெண்டாவது 13 லட்சம், மூணாவது 6.5 லட்சம். அந்த மூணாவது வந்தவர் நம்ம எம் ஹாரிங்டன்தான். கடைசியா மிஞ்சினது மணிமேக்கரும், தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபர்ஹாவும்.

ரெண்டு பேர் மட்டும் மிஞ்சும்போது ஐசிஎம் நெருக்கடி காணாம போயிடுது. காரணம்: ரெண்டாவது பரிசு 13 லட்சம் ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே உறுதி. இனி போட்டி மீதி 12 லட்சத்துக்கு மட்டும்தான். அது முழுசா ஒருத்தருக்கே போகும். ஓரமா உக்காந்து கடலை தின்ன மூணாவது ஆள் கிடையாது. அதனால சிப்ஸ் விகிதமும் பண விகிதமும் ஒண்ணாகிடுது. 50%-க்கு மேல ஜெயிக்கிற மோதல் எல்லாமே லாபம். அதுவரை பொறுமையா இருந்தவங்க இங்க வந்ததும் வண்டியோட கியரை மாத்தணும். மாத்தாதவங்களை ப்ளைண்டே தின்னுடும்.

மணிமேக்கர் மாத்தினார். ஒரு கையில அவர்கிட்ட ஸ்பேட் கிங், ஆட்டின் ஏழு. ஃபர்ஹாகிட்ட ஸ்பேட் குயின், ஆட்டின் ஒன்பது. பொதுச் சீட்டு வரிசையா ஸ்பேட் 9, டைமண்ட் 2, ஸ்பேட் 6, ஸ்பேட் 8, ஆட்டின் 3. ஃபர்ஹாவுக்கு ஜோடி ஒன்பது. மணிமேக்கருக்கு வர வேண்டிய அஞ்சாவது ஸ்பேடும் வரல, ஸ்ட்ரெயிட்டும் வரல, கையில ஒரு ஜோடி கூட இல்லை. அந்த நிலைமையில மொத்தச் சிப்ஸையும் தள்ளினார். ஃபர்ஹா ரொம்ப நேரம் யோசிச்சு ஜோடி ஒன்பதைக் கீழ வெச்சார். கொஞ்ச நேரத்துல ஆட்டமே முடிஞ்சது: கடைசிக் கையில மணிமேக்கரோட 5-4, ஃபுல் ஹவுஸா மாறி ஃபர்ஹாவோட ஜோடி ஜாக்கைச் சாய்ச்சது.

அந்த ப்ளஃப்பைத் தைரியம்னு எல்லாரும் சொல்வாங்க. தைரியம்தான். ஆனா அதே தள்ளலை நாலு பேர் இருக்கும்போது நடுத்தர சிப்ஸோட செஞ்சிருந்தா அது முட்டாள்தனம். ஆட்டம் அதேதான், மேசையில மிச்சம் இருக்கற ஆளுங்க எண்ணிக்கைதான் வேற.

மாடலுக்குத் தெரியாதவை

எந்த மாடலும் அதோட அனுமானங்கள் அளவுக்குத்தான் சரி. ஐசிஎம்முக்கு யார் நல்லா ஆடறாங்கன்னு தெரியாது. எல்லாரையும் சமமான திறமைன்னு எடுத்துக்கும். அடுத்த கையில யார் பிக் ப்ளைண்ட் போடணும்னு தெரியாது. ப்ளைண்ட் எவ்வளவு வேகமா ஏறுதுன்னும் தெரியாது. பெரிய ஆள் தொடர்ந்து அடிச்சுச் சேர்க்கப் போற எதிர்காலச் சிப்ஸும் அதுல வராது. அதனால மேசையில உக்காந்து தசமப் புள்ளி வரைக்கும் போட வேண்டாம். மூணு கேள்வி போதும்: நான் இப்ப வெளியே போனா எவ்வளவு இழப்பேன்? என்னை விடச் சின்னவன் யாராவது போகக் காத்திருக்கானா? நான் தள்ளினா எதிராளியால கூப்பிட முடியுமா?

மேசையில கண்ணுக்குத் தெரியாத ஆள்

இவ்வளவு கணக்கு படிச்சதும் சிலருக்குக் கை அரிக்கும். அதனால இதையும் சொல்லியாகணும்.

எங்க ப்ளாக்ல ஒரு பையன், கணக்குல என்னை விடக் கெட்டிக்காரன். நான் இங்க எழுதினது எல்லாம் அவனுக்கு என்னை விட முன்னாடியே தெரியும். மூணாவது வருஷம் ஒரு ஆப்ல காசு கட்டி ஆட ஆரம்பிச்சான். முதல் மாசம் ஜெயிச்சான், எங்களுக்கு பிரியாணி வாங்கிக் குடுத்தான். ரெண்டாவது மாசம் வீட்ல இருந்து வந்த ஹாஸ்டல் ஃபீஸ் போச்சு. விட்டதைப் பிடிக்கப் போய் நண்பர்கள்கிட்ட கடன். கடைசியில அவங்க அப்பா வந்து கட்டிட்டுப் போனார். அன்னிக்கு அவர் யாரையும் திட்டல. மெஸ்ல எங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு பஸ் ஏறிட்டார்.

கணக்கு தெரிஞ்சவன் ஏன் தோத்தான்? ரெண்டு காரணம். ஒண்ணு, மேல சொன்ன அதே வாக்கியம்: மோதுறவங்க இழக்கறதை ஓரமா இருக்கறவன் எடுத்துப்பான். காசு ஆட்டத்துல நிரந்தரமா ஓரமா இருக்கற ஒருத்தன் உண்டு, ஆட்டத்தை நடத்துறவன். 2023 மெயின் ஈவென்ட்லயே ஒவ்வொரு 10,000 டாலர்லயும் 9,300 தான் பரிசுக்குப் போனது. அதாவது சராசரி ஆட்டக்காரர் உக்காரும்போதே 7% கீழ. ரெண்டு, ஏற்ற இறக்கம். 10,043-ல் 1,507 பேருக்குப் பரிசுன்னா, கிட்டத்தட்ட 85% பேர் வெறுங்கையோட போனாங்க. நல்லா ஆடறவனும் வரிசையா பல தடவை வெறுங்கையோட போகத்தான் செய்வான். அதைத் தாங்குற பணம் ஸ்டூடன்ட்கிட்ட இருக்காது. ஹாஸ்டல் ஃபீஸ்ங்கறது அவனோட மொத்தக் குச்சி, அதைத் தோத்தா அவன் டோர்னமென்ட்டை விட்டே வெளியே.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும். தமிழ்நாடு அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டு வந்து ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியல்ல சேர்த்தது. 2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏத்துக்கிட்டு, ரம்மி, போக்கர் ரெண்டும் திறமை ஆட்டம்ங்கறதால அந்தப் பட்டியலை மட்டும் ரத்து செஞ்சது. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் ஆன்லைன் கேமிங் சட்டத்தை நிறைவேத்தி, திறமையா அதிர்ஷ்டமாங்கற கேள்விக்கே போகாம, காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டங்களையும் அதுக்கான விளம்பரங்களையும் தடை செஞ்சது.

போக்கர் திறமை ஆட்டம்தான், இவ்வளவு நேரம் நாம பாத்ததே அதுக்குச் சாட்சி. ஆனா திறமை இருந்தா பணம் வரும்ங்கறது அடுத்த படி இல்லை. அந்த ரெண்டுக்கும் நடுவுல நடத்துறவன் பங்கும் ஏற்ற இறக்கமும் உக்காந்திருக்கு.

இந்த வருஷம் ப்ளேஸ்மென்ட் ட்ரீட் எங்க செட்டோட முறை. பரிசு 20 பரோட்டாதான், சால்னா தனி. அந்தப் பையனும் ஆட வர்றான், தீக்குச்சிக்கு. ஆட நெனைக்கிறவங்க ஆளுக்கு 100 குச்சி எடுத்துட்டு வாங்க. நாலு பேர் மிஞ்சும்போது என் கையில ஏஸ்-கிங் வந்தா, என்ன பண்ணுவேன்னு உங்களுக்கு இப்ப தெரியும்.